வாங்கின பிறகு பல் பார்த்த கதை

மஞ்சள் வித்த காசில் பழைய பெட்ரோல் அம்பாசடர் வாங்கிட்டேன். 1489 சிசி. எட்டு வருசமா கொட்டாயில் கிடந்த வண்டி. வீட்டுக்காரி மூணு நாளா பேசலை. பல்லைப் பிடிச்சுப் பார்க்காம மாடு வாங்காதவன், இதை வாங்கிட்டுப் பார்க்கிறேன்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்ணா" என்றார்கள் பசங்க. விடலை. துருப்பிடிச்ச பிஸ்டனை வம்படியா சுத்தினா ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும்.

பானெட்டைத் திறந்தால் எலிக்கூடு. வயரெல்லாம் கடிச்சுப் போட்டிருக்கு. டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் கருப்புதான். மோர் மாதிரி வெளுத்திருந்தா உள்ளே தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். அந்த மட்டுக்கும் தப்பிச்சேன். நாலு பிளக்கையும் கழட்டி, சிலிண்டருக்கு ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஊற வச்சேன்.

மறுநாள் ஹேண்டிலைப் போட்டு அழுத்தினா அசையலை. இன்னும் கொஞ்சம் ஆயில். மூணாம் நாள் சாயங்காலம் அரைச் சுத்து நகர்ந்தது, அப்புறம் முழுச் சுத்து. மகன் சுத்தச் சுத்த, பிளக் ஓட்டையில் விரலை வச்சுப் பார்த்தேன். மூணில் காத்து முட்டித் தள்ளுது. நாலாவதில் சும்மா சீறுது. வால்வா, ரிங்கான்னு பிரிச்சாத்தான் தெரியும்.

பின்னாடி வீட்டுக்காரி காப்பி டம்ளரோடு நின்னா.

"உசிரு இருக்குதா?"

"மூணு காலில் நிக்குது" என்றேன்.