நேரம் கேட்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அறையில் இங்கிலீஸ் பற்றிக் கதை வந்தால் தீர்ப்பு கையோடு இருக்கும்: "அந்தப் பிள்ளைக்கு நாக்கு வளையும் சேர், இதுக்கு வளையாது." கிரானில் ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு இந்த நாக்குக் கணக்கில் நம்பிக்கை விட்டுக் கனகாலம்.

பத்தாம் தரத்தில் ஒரு பையன். லீவு நாட்களில் பாசிக்குடாவில் சித்தப்பாவின் படகில் நிற்பான். "யெஸ்டர்டே ஐ கோ, பிக் ஃபிஷ் கம்" என்று வெள்ளைக்காரருக்குக் கூச்சமில்லாமல் சொல்வான், அவர்களுக்கும் விளங்கிவிடும். பக்கத்து வாங்குப் பெண்பிள்ளை வினைச்சொற்களில் ஒரு பிழை விடாது. எழும்பி வாசிக்கச் சொன்னால் மட்டும் கொப்பியால் முகத்தை மூடிக்கொள்ளும். சாதாரண தரப் பரீட்சையில் புள்ளி எழுத்துக்குத்தான். ஆகவே அவள் கெட்டிக்காரி, இவன் மொக்கன்.

1959இல் ஜோன் கரோலும் ஸ்டான்லி சாபோனும் அமெரிக்காவில் மொழி கற்கும் திறனுக்கு ஒரு சோதனை வெளியிட்டார்கள். கேட்ட ஒலியை மனதில் பிடிப்பது, வாக்கியத்தில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று உணர்வது, மனனம், உதாரணங்களிலிருந்து விதியை ஊகிப்பது என அந்தத் திறனைக் கரோல் நான்காகப் பிரித்தார். ஒன்றில் கெட்டியான பிள்ளை மற்றதிலும் கெட்டியாக இருக்க வேண்டுமென்றில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது 1963இல் அவர் எழுதியது: திறன் என்றால், ஒன்றைப் படித்து முடிக்க ஒரு பிள்ளைக்குத் தேவைப்படும் நேரம்.

இதைக் கிரானில் வைத்துப் பார்க்க வேணும். மாரி பிறந்தால் புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறிவிடும். அக்கரைப் பிள்ளைகள் தோணி கிடைத்தால் வருவார்கள். தண்ணி வற்றி அவர்கள் வந்து சேர்வதற்குள் வகுப்பு இரண்டு பாடம் தாண்டியிருக்கும். பிறகு தேர்ச்சி அறிக்கையில் "அடிப்படை போதாது" என்று விழும். போதாதது நேரம், பழி பிள்ளையின் மூளைக்கு.

அதனால் இப்போது கேள்வி கேட்டதும் முன்வாங்குக் கைகளைப் பார்க்காமல் பேசாமல் நிற்கிறேன். கொப்பிக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை முதலில் எழுதும், பிறகு தோழியிடம் மெல்லச் சொல்லும், அதற்குப் பிறகுதான் வகுப்புக்கு. படகுப் பையனுக்கு மறுவளம்: அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதி, "எங்க மனே பிழை?" என்று சோக்கை அவனிடமே கொடுக்கிறேன். 'கோ'வை அழித்து 'வென்ட்' எழுதினான். மீன் இன்னும் 'கம்'தான்.

40 நிமிடப் பாடவேளையில் இத்தனையும் எல்லாருக்கும் செய்ய ஏலாது. பாடத்திட்டம் பிந்துகிறது என்று மேற்பார்வைக்கு வருகிறவர் குறிப்பெழுதுவார். எழுதட்டும். தை பிறந்து வீதி காய்ந்ததும் அக்கரைப் பிள்ளைகளோடு விட்ட பாடத்திலிருந்துதான் தொடங்குவேன்.