தேய்மானம்

செல்போனில் பணம் அனுப்பியதும் பச்சை நிறத்தில் ஒரு டிக் துள்ளிக்கொண்டு வந்து நிற்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? அரை விநாடி சமாசாரம். அந்தக் கதைக்குள் என் அம்மாவின் வளையல் ஒன்று இருக்கிறது.

2002. பி.காம் முடித்த கையோடு, வளையலை அடகு வைத்து 8,000 ரூபாய் கட்டி, கம்ப்யூட்டர் சென்டரில் ஃப்ளாஷ் கற்றுக்கொண்டேன். பந்தை இங்கே ஒரு தரம், அங்கே ஒரு தரம் வைத்தால் போதும். நடுவில் வரும் படங்களை அதுவே போட்டுக்கொள்ளும். பெயர் ‘ட்வீன்’. டிஸ்னி காலத்தில் அந்த நடுப்படங்களை உதவியாளர்கள்தான் உட்கார்ந்து வரைந்தார்கள்.

2007-ல் வந்த ஐபோன், ஃப்ளாஷை உள்ளே விடவில்லை. பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பில்லை என்று 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதினார். 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு ஃப்ளாஷ் பிளேயரை அடோபி கைகழுவியது. போச்சு, வளையல்!

ட்வீன் மட்டும் சாகவில்லை. 2007-லேயே ஆப்பிளின் கோர் அனிமேஷன் வந்துவிட்டது. பட்டன் எங்கே போய் நிற்கவேண்டும் என்று புரோகிராமர் சொன்னால் போதும், நகர்த்துவது அதன் பொறுப்பு. சிக்கலான படங்கள்தான் தலைவலி. ஓவியர் செய்ததைப் பார்த்துப் பார்த்து புரோகிராமர் மறுபடி எழுதவேண்டும். 2017-ல் ஏர்பிஎன்பி ‘லாட்டி’யை இலவசமாக வெளியிட்டது. ஓவியர் செய்தது சின்ன ஃபைலாக வரும். ஆப் அதை அப்படியே ஓட்டும். 1926-லேயே கத்தரிக்கோலால் நிழலுருவங்கள் வெட்டி முழுநீளப் படம் எடுத்த ஜெர்மன் பெண்மணி லோட்டே ரைனிகரின் பெயர் அது.

அக்கா மகள் ஆப் எழுதுகிறாள். போன வாரம் ஒரு டிக்கைக் காட்டி, “என்னமோ சரியில்ல மாமா, என்னன்னு தெரியல” என்றாள்.

பார்த்தேன். சுவரில் முட்டியதுபோல நின்றது. “பஸ் பிரேக் போட்டா முன்னால சாஞ்சு திரும்பறோம்ல? அது மாதிரி கொஞ்சம் தாண்டிப் போயிட்டுத் திரும்பட்டும்.” சென்டர் மாஸ்டர் சொன்ன அதே வசனம்.

ஓரிரு எண்களை மாற்றினாள். டிக் துள்ளியது.

கணக்குப் பாடத்தில் மெஷினுக்குத்தான் தேய்மானம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதி வைத்திருந்தேன். உங்கள் கணக்கிலும் அப்படி ஏதாவது இருந்தால், ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வளையல்? அதை மீட்கவே இல்லை. அம்மா இன்றுவரை கேட்கவும் இல்லை.