உறங்கும் மாணவி

மாணவனிடமிருந்து பறித்த நூலைப் படித்து நள்ளிரவுவரை தனியே நகைத்த ஆசிரியர் உண்டோ? உண்டு, அவர் நாமே.

சர்ஃப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒருவன் தலை கவிழ்ந்து துயின்றான். அவனது இலக்கண நூலுக்குள் ஆங்கிலச் சித்திரக் கதைத் தொகுதியொன்று மறைந்திருந்தது. கடிந்துரைத்து அதனைக் கைப்பற்றினோம். அவன் மீதுள்ள குற்றத்துக்கு மேலும் சான்று தேடும் எண்ணத்தோடுதான் அன்றிரவு அதனைப் புரட்டினோம்.

அமெரிக்கரான சார்லஸ் ஷூல்ஸ் வரைந்த ‘பீனட்ஸ்’ அது. 1950 அக்டோபர் 2ஆம் நாள் ஏழு நாளேடுகளில் தொடங்கி, ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் வெளிவந்த தொடர். 2000 பிப்ரவரி 12இல் அவர் மறைந்தார். மறுநாள் ஏடுகளில் அவரது இறுதிச் சித்திரம் வந்தது.

கதைமாந்தர் பெரும்பாலும் சிறுவரே. சார்லி பிரவுன் விடும் பட்டத்தை மரம் தின்றுவிடும். அவன் ஓடிவந்து பந்தை உதைக்கும் நொடியில், அதைப் பிடித்திருக்கும் லூசி வெடுக்கென இழுத்துக்கொள்வாள், மல்லாந்து விழுவான். மறுமுறையும் அவள் சொல்லை நம்பி ஓடிவருவான். ஐந்து செண்ட் வாங்கிக்கொண்டு அவனது மனக்கவலைக்கு ஆலோசனை வழங்குபவளும் அவளே!

நகை பிறக்கும் இடங்கள் நான்கெனத் தொல்காப்பியர் காட்டுவார். அவற்றுள் எள்ளலும் ஒன்று. ஷூல்ஸிடம் எள்ளல் குறைவு. இளமையும் பேதைமையுமே மிகுதி. 9ஆம் நூற்றாண்டு பஸராவின் ஜாஹிஸ், கஞ்சர்களைப் பற்றி எழுதிய நூலைப் படித்துச் சிரித்தவர்கள் நாம். அங்கே பிறரைப் பார்த்துச் சிரித்தோம். இங்கே அது இயலவில்லை.

காரணம் பெப்பர்மின்ட் பேட்டி என்னும் தாயில்லாச் சிறுமி. வகுப்பில் மேசைமீது தலைசாய்த்து உறங்குவாள். எழுப்பினால் பொருந்தாத விடையொன்றைச் சொல்வாள். ஆசிரியையின் உருவத்தைச் சித்திரக்காரர் காட்டுவதில்லை. குரலும் நமக்குக் கேட்பதில்லை. கேள்வி என்னவென்று இவள் விடையைக் கொண்டே ஊகிக்க வேண்டும். முப்பதாண்டுகள் உரத்த குரலில் பாடம் சொன்ன நமக்கு இது சற்றே உறைத்தது. அவளுக்கு உறக்க நோய் என்று தோழி மார்சி ஐயுறுகிறாள். நோயன்று, இரவில் வேலை முடிந்து தந்தை திரும்பும்வரை அச்சத்தால் விழித்திருக்கிறாள், அவ்வளவே.

சிரிப்பு அங்கே நின்றது.

மறுநாள் காலை அம்மாணவனைத் தனியே அழைத்து, “இரவில் எத்தனை மணிக்கு உறங்குவாய்?” என்று கேட்டோம்.

“அத்தாவோட புரோட்டாக் கடையில மாவு பிசைஞ்சு கொடுப்பேன் ஹஜ்ரத். கடை சாத்த ஒரு மணி ஆயிரும்.”

மூன்றாண்டுகளாக அவன் நம்மிடம் பயில்கிறான். அவனை எழுப்பிய தடவைகளுக்குக் கணக்கில்லை. இக்கேள்வியை ஒருமுறையும் கேட்டதில்லை. சர்ஃப் பாடத்தைக் காலை முதல் மணியிலிருந்து பிற்பகலுக்கு மாற்றினோம். பிற்பகலிலும் சில நாள் உறங்குகிறான். அப்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறோம்.

நூலை உடனே திருப்பிக் கொடுத்தோம் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் கழித்தே கொடுத்தோம். வாங்கிக்கொண்டவன் தயங்கி நின்று கேட்டான்:

“முழுக்கப் படிச்சிட்டீங்களா ஹஜ்ரத்?”