பத்து நாள் குடித்தனம்

1888ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரை முதல் நூற்பாலையை நிறுவிய நாள் தொட்டுக் கோயமுத்தூருக்கு வெளியூரார் வந்தவண்ணம் இருக்கிறார்கள். பஞ்சு விற்க வந்தார்கள். மில்லில் வேலை தேடி வந்தார்கள். கிணற்றுக்கு மோட்டார் பம்பு வாங்க வந்தார்கள். நீலகிரிக்குப் போகிற வழியில் ஒரு வாய் காப்பிக்காக இறங்கியவர்களும் உண்டு. இப்பொழுது வருகிறவர்களில் பெருந்தொகையினர் கையில் ஒரு தடித்த காகித உறையைக் காண்கிறோம். அதற்குள் எக்ஸ்ரே படமும் இரத்தப் பரிசோதனைச் சீட்டும் இருக்கும்.

பாப்பநாய்க்கன்பாளையத்தில் குப்புசாமி நாயுடு நினைவு ஆஸ்பத்திரி 1952இல் ஏற்பட்டது. அவிநாசி சாலையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கிளை 1997இல் வந்தது. இவற்றைப் போல இன்னும் பல. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று மட்டுமா வருகிறது? கேரளத்து நோயாளிகளும் அதே வழியில்தான் வருகிறார்கள். நீலகிரியிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. வைத்தியம் மூன்று நாளில் முடிந்தாலும், "ஒரு வாரம் கழித்து வந்து காட்டுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வாரம் எங்கே இருப்பது? ஹோட்டலில் கஞ்சி காய்ச்ச முடியாது. உறவினர் வீடென்றால் இரண்டு நாளைக்கு மேல் மனம் ஒப்பாது. ஆகவே ஆஸ்பத்திரிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் நாள் வாடகைக்கு விடும் வீடுகள் பெருகியிருக்கின்றன.

நம்மோடு பள்ளிக்கூடத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவருக்குப் பீளமேட்டில் பூர்விக வீடு இருக்கிறது. மகன் வெளிநாட்டில் தங்கிவிட்டதால் பின்கட்டு பூட்டிக் கிடந்தது. விற்றுவிடலாம் என்று சிலரும், இடித்து நான்கு மாடி எழுப்பலாம் என்று சிலரும் யோசனை சொன்னார்கள். எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயார் இரண்டுக்கும் இணங்கவில்லை. "ஏனுங் தம்பி, நோவோட வர்றவங்க தங்கறதுக்கு உடுங்க. சத்திரமாட்ட இருக்கக் கூடாது, சொந்தக்காரங்க ஊட்டுக்கு வந்தாப்பல இருக்கோணும்" என்று நம்மிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக நண்பரும் நாமும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் கொங்கு நாட்டைச் சுற்றிவந்தோம்.

பழைய சத்திரங்களை நாம் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. வழிப்போக்கனுக்குக் கூரையும் திண்ணையும் கிணற்று நீரும் கிடைத்தால் போதும் என்றிருந்த காலம் அது. படுக்கைச் சுருள், கூஜா, செம்பு, கட்டுச்சோறு எல்லாவற்றையும் பிரயாணி தானே சுமந்து வந்தான். இன்று வருகிறவர் ஒரு கைப்பையுடன் இறங்குகிறார். அவர் சுமந்து வராததையெல்லாம் வீடுதான் கொடுக்க வேண்டும்.

வாங்கப் புறப்படுமுன் இத்தகைய வீடுகள் சிலவற்றைப் பார்வையிட்டோம். அவை இரண்டு ஜாதி என்று தெரிந்தது. ஒன்று, வீட்டுக்காரர் தமக்கு வேண்டாத சாமான்களையெல்லாம் குவித்து வைத்த வீடு: கால் ஆடும் நாற்காலி, கைப்பிடியில்லாத வாணலி, மூடி ஒன்று டப்பா ஒன்று. மற்றொன்று படம் எடுப்பதற்காகவே ஜோடித்த வீடு. சுவரெல்லாம் சித்திரம்; கட்டிலில் எட்டுத் தலையணை; மேஜைமேல் கண்ணாடிப் பூ. ஆனால் ஈரத் துணி உலர்த்த ஒரு முழக் கொடிக் கயிறு கிடையாது. முதல் வகையில் விருந்தினருக்கு மதிப்பில்லை. இரண்டாவதில் மதிப்பு உண்டு, உபயோகமில்லை.

முதலில் பவானிக்குப் போனோம். காவிரியும் பவானியும் கூடுகிற ஊர் ஜமக்காளத்தினால்தான் வெளியுலகம் அறிந்த ஊராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அன்னிய நாட்டு ஆலைத் துணிகள் வந்து குவிந்தபோது, மெல்லிய துணியில் போட்டியிட முடியாத நெசவாளர்கள் தடித்த வர்ண நூலில் கோடு கோடாக இந்த விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள் என்று சொல்லுகிறார்கள். குழித்தறியில் அமர்ந்து நெய்கிறார்கள். ஒருவர் கை எட்டாத அகலமானால் இருவர் அருகருகே அமர்ந்து ஓடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். 2005-06இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜமக்காளம், படுக்கை விரிப்பு முதலியவற்றில் குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி வைக்கும் சட்டமும் 1985 முதல் இருக்கிறது. சட்டம் இருந்து என்ன? விசைத்தறியில் ஓட்டிய சரக்கைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினோம். நோயாளியோடு துணைக்கு வருகிறவர்கள் இரண்டு பேரானாலும் நான்கு பேரானாலும் ஜமக்காளம் இடம் கொடுக்கும். கட்டில் அப்படிக் கொடுக்குமா?

அடுத்து சென்னிமலை. மலைமேல் முருகன், கீழே ஊரெல்லாம் தறிச் சத்தம். இங்கே கட்டம் போட்ட வர்ண விரிப்புகளுக்குப் பேர். நண்பர் வர்ணத்தையே வாங்கலாம் என்றார்: "கறை தெரியாது அல்லவா?" நாம் அதற்கு இணங்கவில்லை. கறை தெரியாத விரிப்பு வீட்டுக்காரருக்குத்தான் சௌகரியம். அறுவைச் சிகிச்சை முடிந்து வந்து படுக்கிற மனிதருக்குத் தமக்கு முன் படுத்தவரின் சுவடு எதுவும் அதில் இல்லை என்று கண்ணால் தெரிய வேண்டும். முடிவில் சமரசம் ஏற்பட்டது. மெத்தை மேல் விரிக்க வெள்ளை. மேலே போர்த்திக்கொள்ளச் சென்னிமலைக் கட்டம். ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று ஜோடி: ஒன்று கட்டிலில், ஒன்று வெளுப்பில், ஒன்று அலமாரியில். மூன்றாவது ஜோடி இல்லாத வீடு மழைக்காலத்தில் தலைகுனிய நேரும்.

வெள்ளை விரிப்பும் ஜன்னல் திரையும் சமையலறைத் துண்டும் கரூரில் எடுத்தோம். அமராவதிக் கரையிலுள்ள இந்த ஊரிலிருந்து இவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகின்றன. கடல் கடந்து போகிற துண்டை நூற்றிருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் பிரயாணம் செய்து வாங்கிவருவதில் நமக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டாயிற்று.

மெத்தைக்குப் பொள்ளாச்சி. தென்னந்தோப்புகளுக்கு நடுவே நார் பிரிக்கும் ஆலைகள் இரைந்துகொண்டிருக்கும் பிரதேசம் அது. நாரும் ரப்பர்ப் பாலும் சேர்த்துச் செய்கிற மெத்தை அழுத்தமாக இருக்கும். உட்கார்ந்தால் அமிழ்ந்துபோகிற மெத்தை ஆரோக்கியமுள்ளவனுக்குச் சுகம். முழங்கால் சிகிச்சை செய்துகொண்டவருக்குச் சிறைச்சாலை. மெத்தையோடு சேர்த்துக் கட்டிலின் உயரம் ஒன்றரை அடி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். பாதம் தரையில் நன்றாகப் பதிந்தால்தான் பிறர் கை பிடிக்காமல் எழுந்திருக்க முடியும். தலையணைக்கு இலவம் பஞ்சு.

இனிச் சமையலறை. இரண்டு அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, கஞ்சிக்கு அடிகனத்த பாத்திரம் ஒன்று, இட்லிச் சட்டி, பால் காய்ச்ச ஒரு பாத்திரம், காப்பி பில்டர், கூரான கத்தி, வடிகட்டி, எவர்சில்வர் தட்டும் டம்ளரும் ஆறாறு. கோயமுத்தூரில் வைத்து ஈர மாவு அரைக்கும் கிரைண்டர் இல்லாமலா? இந்த ஊர் கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு உண்டே! ஆனால் பத்து நாள் குடித்தனத்துக்கு மாவு அரைப்பார் எவருமில்லை. மூலைக் கடையில் மாவு விற்கிறது. ஆகவே கிரைண்டரை நீக்கி, சிறு ஜாடியுடன் ஒரு மிக்ஸியை வைத்தோம். மென்று தின்ன முடியாதவருக்கு எதையும் கூழாக்கிக் கொடுக்க அது உதவும்.

பாத்திரத்தைக் காட்டிலும் முக்கியம் அஞ்சறைப் பெட்டி. உப்பு, சர்க்கரை, ஈரோட்டு மஞ்சள், மிளகு, சீரகம், அரைப்படி அரிசி, பாசிப்பருப்பு, தேங்காய் எண்ணெய், தீப்பெட்டி. இவற்றின் விலை அற்பம். இரவு பதினொரு மணிக்கு ஊர் தெரியாமல் வந்திறங்குகிறவருக்கோ இவை அமிர்தம். அரிசியில் பச்சரிசி வேண்டாம், புழுங்கல் போதும். பாலக்காட்டாருக்கும் அது ஏற்கும், கொங்கு நாட்டாருக்கும் ஏற்கும்.

குளியலறையில்தான் வீட்டுக்காரரின் உண்மையான அக்கறை வெளிப்படும். வழுக்காத தரை, சுவரில் திருகாணி போட்டு இறுக்கிய இரும்புக் கைப்பிடி இரண்டு, மேல்நாட்டு முறைக் கழிப்பிடம், உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி, வெந்நீர், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள். கைப்பிடிக்கு ஆன செலவு அந்த அறையிலிருந்த கண்ணாடிக்கு ஆன செலவைவிடக் குறைவு. கட்டிலருகே கை எட்டும் தூரத்தில் விளக்கு விசை. இரவு முழுதும் எரியும் மங்கிய விளக்கு. மருந்து வைக்க ஒரு தட்டு. பெரிய எண்கள் உள்ள கடிகாரம். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டிய வீட்டில் கடிகாரம் அலங்காரப் பொருளல்ல.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. கோயமுத்தூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,350 அடி உயரத்தில், கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் காற்று வந்தால் திறந்த ஜன்னல் படீர் என்று அறையும். நல்ல தூக்கத்திலுள்ள நோயாளி எப்படித் துடித்துப்போவார்! ஆதலால் ஒவ்வொரு ஜன்னல் கதவுக்கும் உறுதியான கொண்டி போட்டோம். இந்தக் கொண்டி எந்தப் படத்திலும் தெரியாது.

சர்க்கார் விதிகளையும் சொல்லிவிட வேண்டும். வீட்டார் குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தினரை வைத்துக்கொள்வதற்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. அறைகள் ஆறுக்கு மேற்படக் கூடாது. தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம் உண்டு. வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இவை நியாயமான விதிகளே. ஆனால் எந்த விதியிலும் கஞ்சிப் பாத்திரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை வீட்டுக்காரரின் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறார்கள் போலும்.

வீடு திறந்த இரண்டாம் வாரத்தில் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு முதிய தம்பதி வந்தார்கள். கணவருக்குக் கண்ணில் சிகிச்சை. ஐந்து நாள் இருந்தார்கள். அம்மாள் அதிகம் பேசவில்லை. தமிழ் அவருக்குக் கொஞ்சமாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் இரவு பின்கட்டில் விளக்கெரிவதைக் கண்டு, ஏதேனும் வேண்டுமோ என்று நண்பரின் தாயார் கோலூன்றிக்கொண்டு போயிருக்கிறார். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. முதியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மாள் ஜமக்காளத்தின் ஓரத்தை ஒதுக்கி, "இரிக்கின்" என்றார். கிழவியும் உட்கார்ந்தார். ஒருவர் மலையாளத்திலும் மற்றொருவர் கொங்குத் தமிழிலுமாக ஒரு மணி நேரம் பேசினார்களாம். மறுநாள் காலையில், "என்ன பேசினீர்கள்?" என்று நண்பர் கேட்டதற்கு, "ஊட்டுச் சங்கதி" என்று மட்டும் தாயார் சொன்னார்.

புறப்படும்போது வீட்டுக்காரர்கள் சிலர் விருந்தினர் எதிரிலேயே டம்ளர்களை எண்ணுவதுண்டு. இங்கே அந்த வழக்கம் கூடாதென்று தாயார் உத்தரவு. எண்ணுவதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். இந்த வீட்டில் என்ன இல்லை என்பதை அதில் எழுதிவிட்டுப் போகலாம். இதுவரை எழுதியவர்களில் ஒருவர் வெந்நீர்ப் பை கேட்டார். ஒருவர் ஊசி நூல் கேட்டார். ஒரு சிறுமி பாட்டிக்குப் படித்துக் காட்டக் கதைப் புத்தகம் கேட்டாள். மூன்றும் வாங்கியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் பாலக்காட்டார் மலையாளத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். மொழி தெரிந்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்தோம். கட்டிலுக்கு எதிரே கைவைத்த நாற்காலி இன்னொன்று இருந்தால் பேச வருகிறவர் தரையில் உட்கார வேண்டியிராது என்பது அதன் பொருள். அடுத்த வாரம் நாற்காலிக்காகத் தச்சரைப் பார்க்கப் போகிறோம்.