பினாங்கில் ஒரு ஜப்பானிய விருந்து

பினாங்கு என்றதும் நாசி கண்டாரும் செண்டோலும்தான் நம்மவர் நினைவுக்கு வரும். சென்ற பள்ளி விடுமுறையில் ஜார்ஜ் டவுனில் நான் உண்டதோ ஜப்பானியரின் சட்டிச் சாப்பாடு. உடன் அமர்ந்து உண்டவர் 84 வயதான என் தாயார். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. "அத்தை, பாட்டியை அழைச்சிக்கிட்டு வாங்க. ஜப்பான் சாப்பாடு வாங்கித் தர்றேன்" என்றான். எனக்குத் தயக்கமாக இருந்தது. காரணம் உண்டு.

என் தாயாரின் தந்தை கெடாவில் பால்மரம் வெட்டியவர். 1943-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட ஜப்பானியர் அவரைக் கொண்டு போனார்கள். அப்போது அம்மாவுக்கு இரண்டு வயது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் நாள் இணைக்கப்பட்டது. தாத்தா திரும்பவே இல்லை. காலராவாலும் பட்டினியாலும் அங்கே மாண்ட தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர். அம்மாவுக்குத் தந்தையின் முகம்கூட நினைவில்லை.

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிய பிறகுதான் எங்கே போகிறோம் என்று சொன்னேன். அம்மா வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பேரன் கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?" என்றார்.

கரை இறங்கி, சிந்த்ரா தெரு வழியாக நடந்தோம். போருக்கு முன் இங்கே ஜப்பானியர் கடைகளும் விடுதிகளும் இருந்தன. சீனர்கள் இதை 'ஜப்பான் தெரு' என்றே அழைத்தார்கள். வறுமையால் ஊரைவிட்டுக் கொண்டு வரப்பட்ட ஜப்பானியப் பெண்கள் பலர் இங்கே சீரழிந்தார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "அவங்களையும் ஏமாத்தித்தான் கூட்டியாந்தாங்களா?" என்று கேட்டார். 1941 டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இதே ஜார்ஜ் டவுன் மீதுதான்.

உணவகத்தில் மேசை நடுவே அடுப்பு, அதன்மேல் சட்டி. ஜப்பானிய மொழியில் சட்டிக்கு 'நாபே' என்று பெயர். நம் ஊர் 'ஸ்டீம்போட்' போலத்தான். ஆனால் சாறு தெளிவாக இருக்கிறது. காய்ந்த கடற்பாசிப் பட்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, கொதி வரும் முன் எடுத்துவிடுகிறார்கள். மசாலை எதுவும் இல்லை. சீன முட்டைக்கோசு, காளான், தௌஃபூ, மெல்லிதாகச் சீவிய இறைச்சி ஆகியவற்றைத் தட்டில் வைக்கிறார்கள். நாமே சட்டியிலிட்டு வேகவைக்க வேண்டும்.

இதற்குப் பெயர் 'ஷாபு ஷாபு'. இறைச்சித் துண்டைச் சாற்றில் அலசும்போது எழும் ஓசையே பெயராகிவிட்டது. சலசல, கலகல என்று நாம் சொல்லும் இரட்டைக்கிளவி போல! 1950-களில் ஒசாக்கா நகர உணவகம் ஒன்றில் இப்பெயர் வழக்கிற்கு வந்தது. தொட்டுக்கொள்ள எள் அரைத்த குழம்பும், சோயாவில் புளிப்புப் பழச்சாறு கலந்த இன்னொன்றும் உண்டு. அம்மாவுக்கு எள் பிடித்துப்போயிற்று.

போக விரும்பும் நேயர்களுக்கு ஒரு குறிப்பு. வழக்கமாக மாட்டிறைச்சிதான் பரிமாறுவார்கள். வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லித் தனிச் சட்டியும் கோழியும் கேட்க வேண்டும். கோழியை வெறுமனே அலசி எடுக்காமல் நன்றாக வேகவிடுங்கள். சைவர்கள் சாற்றில் மீன் சேர்த்திருக்கிறார்களா என்று விசாரிப்பது நல்லது.

காய்கள் தீர்ந்தன. விருந்து முடிந்தது என்று எண்ணினேன். பணிப்பெண் வந்து, மிஞ்சிய சாற்றில் வெந்த சோற்றைக் கொட்டி, முட்டை அடித்து ஊற்றிக் கிளறினாள். சாறு வீணாகாமல் கடைசியில் இப்படிச் சோறாக்குவது ஜப்பானியர் வழக்கமாம்.

அம்மா எட்டிப் பார்த்தார். "இது நம்ம கஞ்சிதானே!"

ஒரு வாய் எடுத்தார். கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தக் காட்டுல எங்கப்பாவுக்கு இதுல ஒரு கிண்ணம் குடுத்திருந்தா..." என்றவர் முடிக்கவில்லை.

என் அண்ணன் மகன் தலை குனிந்துகொண்டான். "பாட்டி, தெரியாம கூப்பிட்டுட்டேன்" என்றான்.

"நீ என்னடா பண்ணுவ? இந்தப் பொண்ணுதான் என்ன பண்ணும்? ஆறிடும், சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, அவன் கிண்ணத்தில் அம்மாவே கஞ்சியை ஊற்றினார்.

திரும்பும்போது ஃபெரியில் நான் எண்ணிக்கொண்டேன்: பள்ளி திறந்ததும் இரட்டைக்கிளவி நடத்தும்போது 'ஷாபு ஷாபு' பற்றிச் சொல்லலாம், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே வகுப்பில் சயாம் ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது சரியல்ல என்று அன்று அம்மாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.