வண்டி எழுப்பும் ஓசைகள்

உடலின் நலிவை நாடி உணர்த்துவதுபோல, வாகனத்தின் நலிவை அதன் ஓசை உணர்த்துகிறது. சாலையின் மேடுபள்ளங்களை நாம் உணராவண்ணம் தாங்கிக்கொள்பவை காரின் அடியிலுள்ள ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் ரப்பர் புஷ்களுமே. கண்ணுக்குப் புலப்படாமல் உழைக்கும் இவை, பெரும்பாலும் குரல் கொடுத்த பின்னரே நம்மைக் கைவிடுகின்றன.

நாம் பல்லாண்டுகள் ஓட்டிய அம்பாசிடர் கார் இதில் நமக்கு நல்லாசான். 2014ஆம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் பின்சக்கரங்களைத் தாங்கியவை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட எஃகுப் பட்டைகள். அவை வறண்டு உராய்ந்தால் 'கிரீச்' என்னும். இடையே கிரீஸ் பூசினால் அடங்கும்.

அந்த வண்டியைப் பார்த்துவந்த முதிய மெக்கானிக், "என்ன சத்தம்?" என்று கேட்டதேயில்லை. "எப்போது கேட்கிறது, சார்?" என்றுதான் கேட்பார். அக்கேள்வியில்தான் பாதி விடை அடங்கியிருந்தது. வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கும்போது முனகினால், ரப்பர் புஷ் வறண்டிருக்கலாம். அதன்மேல் என்ஜின் எண்ணெய் ஊற்றுவது தவறு. ரப்பர் ஊறிக் கெடும். சிறு குழிகளில் 'டக் டக்' என்றால், தேய்ந்த புஷ்ஷோ தளர்ந்த இணைப்போ காரணமாகலாம். பள்ளத்தைக் கடந்தபின்னும் வண்டி தொட்டில்போல் ஆடினால், ஷாக் அப்சார்பர் வலுவிழந்திருக்கும். வண்டியின் மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஓரிரு அசைவில் நிற்க வேண்டும். வேகம் கூடக்கூட உயரும் ரீங்காரமோ சக்கர பேரிங்கைச் சுட்டுவது. இவை அனைத்திற்கும் முன்னர், பின்பெட்டியிலுள்ள ஜாக்கியும் ஸ்டெப்னியும் ஆடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நலம்!

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் திருமணத்திற்குக் குழந்தைகளுடன் ஆறு பேர் புறப்பட்டோம். அப்போது நம்மிடம் இருந்தது வேறொரு வண்டி. தெருமுனையில் ஸ்டியரிங்கைத் திருப்பியபோது முன்சக்கரத்தருகே 'தட்' என்றது. அடுத்த திருப்பத்திலும் அதே ஓசை. "வந்து பார்த்துக்கொள்ளலாமே" என்றனர் வீட்டார். நாம் இணங்கவில்லை, பேருந்தில் சென்றோம். முகூர்த்தத்திற்குப் பிந்தியதால் சிலருக்கு வருத்தமே. மறுநாள் மெக்கானிக் சக்கரத்தை உயர்த்தி அசைத்துக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்து, பல்போல் ஆடியது. அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். ஓட்டுபவர் கையில் பிறகு எதுவுமில்லை.

எல்லா ஓசையும் ஆபத்தன்று. ஆயினும் எது ஆபத்து என்பதை ஆராயாமல் அறிய இயலாது. புதிய ஓசை கேட்டால், எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எப்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வானொலியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, சற்றே செவி கொடுங்கள். அவ்வண்டியில் அமர்ந்திருப்போர் நம்மை நம்பி ஏறியவர்கள் அல்லவா?