குழித்தறியில் மழையும் பனியும்

தறி பழக வருகிறவர்களைத் தை பிறந்தபின் வரச்சொல்வதுதான் பெரியப்பாவின் வழக்கம். அப்போது குழி காய்ந்திருக்கும், பாவு விறைப்பாக நிற்கும், புதிதாக உட்காருகிறவன் கைக்கும் இழை அடங்கும். நான் போய் நின்றதோ ஐப்பசி அடைமழையில். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறிமாறிப் பார்த்து, எது பகல் எது இரவு என்று உடம்புக்கே தெரியாமல் போயிருந்தது. வேலையை விட்டுவிட்டு மாகறலுக்கு வந்துவிட்டேன். "மழையில என்னத்தடா கத்துக்கப் போற?" என்றார் பெரியம்மா. பெரியப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உட்காரட்டும். முதல்ல உடம்பு தறிக்கு வரட்டும். அப்புறம் கை தன்னால வரும்" என்றார்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் மாகறல். செய்யாற்றங்கரை ஊர். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய மாகறலீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. உடும்பின் வால் போல ஒடுங்கிய லிங்கத் திருமேனி. தீராத நோய் தீரவேண்டும் என்று வெளியூர்களிலிருந்து வந்து கும்பிட்டுப் போகிறவர்கள் உண்டு; திங்கட்கிழமை கூட்டம் சேரும். கார்த்திகைச் சோமவாரங்களில் பெரியப்பா சாயங்காலமே தறியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். கும்பிடுவதோடு அது அவருக்கு நடையும் ஆகும். நாளெல்லாம் குழிக்குள் தொங்கிய கால் பிராகாரத்தைச் சுற்றிவரும்போதுதான் கால் என்ற நினைப்பே வரும் என்பார்.

குழித்தறியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லவேண்டும். தரையில் பள்ளம் வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கவேண்டும். இடுப்புக்கு மேலே இருப்பது வீடு, கீழே இருப்பது பூமி. வெயில் காலத்தில் அந்தக் குளிர்ச்சி சுகம். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறினால் குழி கசியத் தொடங்கும். முதலில் சுவர் வேர்க்கும், பிறகு அடியில் நீர் தேங்கும். 2015 நவம்பர், டிசம்பர் மழையைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் தறிக்குழி நிறைந்த கதையைத்தான் சொல்வார்கள்.

என் முதல் பாடம் ஊடையை ஓட்டும் நாடாவும் அல்ல, அதை அடித்து இறுக்கும் அச்சும் அல்ல. குழியைக் காய வைப்பது. தண்ணீரை மொண்டு ஊற்றி, ஆற்று மணலை அடியில் பரப்பி, அதன்மேல் பலகை போட்டு, பலகைமேல் மடித்த சாக்கு. பாதம் ஒருபோதும் மண்ணில் படக்கூடாது. பாவுக்குக் கீழே, எட்டாத தூரத்தில், ஒரு குண்டு பல்பு இரவெல்லாம் எரியும். கைத்தறி நெசவாளர்களுக்கு அரசு தரும் விலையில்லா மின்சாரம் 2023-இல் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்ந்தது. மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும்.

பட்டு அப்படி ஒரு பொருள். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஆனால் தறிக்குத் தெரியும். கஞ்சி தோய்ந்த பாவு ஊதல் காற்றில் தளர்ந்து, இழையோடு இழை ஒட்டும். பாவிழைகளைத் தூக்கும் விழுது ஏறும்போது பிரியவேண்டியவை பிரியாது. ஜக்கார்டு அட்டைகள் ஈரம் குடித்து உப்பினால் ஊசி சரியாக விழாது. பூவில் ஒரு இதழ் காணாமல் போகும். தெருவில் நீட்டிப் பாவு தோய்க்கவும் வழியில்லை. தெருவே வாய்க்காலாக ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் பெரியப்பா பதற்றப்பட்டு நான் பார்த்ததில்லை. காலையில் பாவின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை அல்ல, புறங்கை. "இன்னிக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அன்றைக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றுவோம், ஜரிகைக் கட்டை எடுத்து வைப்போம், அறுந்த விழுதுகளை மாற்றுவோம். வேலை இல்லாத நாள் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. வேறு வேலை நாள் உண்டு. மழை விட்டால் கோயில் தூண்களைக் காட்டக் கூட்டிப்போவார். யாளி, அன்னப்பட்சி, இருதலைப்பட்சி. புடவையில் நூலாக வருவதைக் கல்லில் விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார். மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், வைரஊசி என்று கரைகளின் பெயரெல்லாம் எனக்குப் பாடமானது அந்த மழை நாட்களில்தான். தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் எல்லார் முகமும் இறுகிவிடும். இங்கே தறி நின்ற நாளில்தான் நான் அதிகம் கற்றேன்.

உடம்பைத் தறிக்குக் கொண்டுவருவது என்று அவர் சொன்னதை இனிச் சொல்கிறேன். கையிலிருந்து தொடங்கினார்.

மார்கழிப் பனியில் விரல்நுனி வறண்டு பிளவு விடும். வேறு தொழிலில் அது சின்ன விஷயம். முறுக்குப் பட்டில் அந்தப் பிளவு ஒரு இழையைக் கவ்வினால் போதும், நெய்த துணியில் பொடிப் பொடியாக முடி எழும்பி நிற்கும். பெரியப்பா தினமும் விளக்கு வைத்தபின் என் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். படுக்கப்போகும் முன் தேங்காய் எண்ணெய், நகக்கண் வரை. அரைமணி நேரம் ஊறியபின் பழந்துணியால் துடைப்பு. காலையில் கடலைமாவு போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவிவிட்டுத்தான் தறியில் கை வைக்கவேண்டும். பட்டில் எண்ணெய்க் கறை விழுந்தால் அந்தப் புடவை போனது போனதுதான். எனவே எண்ணெய் இரவுக்கு, கை காலைக்கு. பிறகு தன் உள்ளங்கையில் ஒரு பட்டிழையைப் போட்டு, "இது மேல விரலை ஓட்டு" என்பார். தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் அன்றைக்கு உட்காரலாம். அறுபது வயதைத் தாண்டிய அவர் விரல்நுனிகள் குழந்தையின் விரல்போல இருக்கின்றன. கடின உழைப்புக் கை என்றால் காய்த்துப்போன கை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். பட்டு நெசவில் காய்ப்புக்கு இடமில்லை. தன் கையைப் பேணாதவனால் பட்டைப் பேண முடியாது.

கண்ணுக்கு வேறு கணக்கு. எங்கள் பக்கத்தில் மார்கழிப் பகல் ஆனிப் பகலைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு. அதிலும் பாதி நாள் மேகமூட்டம். தறிக்கு மேலே கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள். அந்த வெளிச்சம் நாடாவில் விழுகிற நேரத்தில் கரையை உடலோடு கோக்கும் கோர்வை வேலை, மங்கிய நேரத்தில் வெற்று உடல். வெளிச்சத்துக்கு ஏற்ப வேலையைப் பிரித்துவைப்பது எனக்குப் புதிதாக இருந்தது. நான் இருந்த இடத்தில் நடுநிசியும் நண்பகலும் ஒரே குழல்விளக்கில்தான் கழிந்தன.

முதுகுக்கு ஒரே ஒரு விதி: ஊடைத் தார் ஒன்று தீர்ந்தால் எழுந்திரு. புதுத் தார் பக்கத்திலேயே இருந்தாலும் எழுந்து, திண்ணைவரை நடந்து, வானத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் மாட்டவேண்டும். முதலில் இது நேர விரயமாகப்பட்டது. இப்போது இதைத்தான் அவர் கற்றுக்கொடுத்ததிலேயே பெரிதாக மதிக்கிறேன். அலாரம் தேவையில்லை, மனஉறுதியும் தேவையில்லை. இளைப்பாறல் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

சாப்பாடு பெரியம்மாவின் இலாகா. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் சுக்கும் மிளகும் சீரகமும் சேர்வதை எல்லாரும் அறிவார்கள். அதே மூன்றும் மழைக்காலம் முழுக்க ஏதாவது ஒரு உருவில் எங்கள் தட்டில் இருந்தன. விடியலில் சுக்குமல்லிக் காப்பி. தொண்டை கட்டினால் கண்டந்திப்பிலி ரசம். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், தலை காய சாம்பிராணி. அன்று மதியம்வரை தறிப் பக்கம் போகக்கூடாது. மலையாள நாட்டில் தென்மேற்கு மழை கொட்டும் கர்க்கிடக மாதத்தில் மருந்துக் கஞ்சியும் எண்ணெய்ச் சிகிச்சையும் செய்துகொள்கிறார்கள். நமக்குப் பெருமழை ஐப்பசியில். தீபாவளி எண்ணெய்க் குளியலும் லேகியமும் அதை ஒட்டியே வந்துவிடுகின்றன. அந்த ஒரு நாளோடு அவற்றை மறந்துவிடுகிறோம் என்பதுதான் குறை. பெரியம்மா லேகியத்தைக் கார்த்திகை முடியும்வரை ஒரு பீங்கான் ஜாடியில் வைத்திருந்து, குளிர்ந்த காலைகளில் நெல்லிக்காய் அளவு உருட்டித் தந்தார்.

மனசுக்கு? அதற்கு மருந்து கோர்வைதான். ரெட்டைப்பேட்டுக் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒரு கரையின் நாடாவை உதவிக்கு உட்காருகிறவர் தள்ளவேண்டும். முன்பு அந்த இடத்தில் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். பள்ளிக்கூடம் அதை ஒழித்தது நல்ல காரியம். மார்கழியில் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கவ்வும் இடத்தில் இரண்டு பேருடைய கையும் ஒரே அழுத்தத்தில் இருக்கவேண்டும். பெரியப்பா நாடாவை விடுவார், நான் வாங்கித் திருப்புவேன், அச்சு வந்து அடிக்கும். பேச்சே இருக்காது. விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை ஓடிக்கொண்டிருக்கும். ஒருவருக்கு மனம் எங்கோ போனால் கோர்வை விழும் கோட்டில் அது தெரியும். அவர் திட்டமாட்டார். "ராத்திரி தூங்கினியா?" என்று மட்டும் கேட்பார். நூலைப் பார்த்து என் தூக்கத்தைக் கண்டுபிடிக்கிறாரே என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். பிறகு எனக்கே அது பிடிபட்டது. ஷிப்டில் கெட்ட தூக்கம் மெல்ல மெல்லத் திரும்பியதை மருத்துவர் சொல்லி நான் அறியவில்லை, கோர்வை நேராக வந்ததைப் பார்த்து அறிந்தேன். ஒன்பது மணிக்கு உறக்கம், ஐந்து மணிக்கு விழிப்பு, வேறு வித்தை ஒன்றும் இல்லை.

தையில் வெயில் திரும்பியது. பழைய பாவு முடிந்து புதுப் பாவைப் பிணைக்கும் நாள். பழைய இழையின் நுனியும் புது இழையின் நுனியும் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு. ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு ஓரத்திலிருந்து பெரியப்பாவும் மறு ஓரத்திலிருந்து நானும் தொடங்கினோம். என் விரல்களை அன்று அவர் சோதிக்கவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. மார்கழியில் கல்யாணம் இல்லை, தையில் முகூர்த்தம் நெருக்கியடித்து வரும். ஆகவே முகூர்த்தப் புடவைக்கான அவசரமெல்லாம் கார்த்திகையிலும் மார்கழியிலும் தறிமேல் வந்து விழுகிறது. பட்டு ஈரம் குடித்து, பகல் குறுகி, குழி கசிகிற அதே மாதங்களில். கோர்வைப் புடவைக்கு வெயில் காலத்திலேயே பத்துப் பதினைந்து நாள் ஆகும். மழையில் அதை விரட்டினால் விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவுவரை நெய்யவேண்டும். ஈரக் குழியில் கால், மங்கிய ஒளியில் கண். என் பெரியப்பா இரவு நெய்வதில்லை என்று மறுத்துவிடுகிறார், அதனால் சில உருப்படிகள் கைவிட்டும் போகின்றன. முன்பணம் வாங்கிவிட்ட நெசவாளிக்கு மறுக்கும் வசதி இல்லை. ஐம்பது வயதுக்குள் முட்டியும் முதுகும் கண்ணும் போனவர்களை இந்தத் தெருக்களிலேயே பார்க்கிறேன். அவர்களுக்கு உடம்பைப் பேணத் தெரியாமல் இல்லை, நேரம் கொடுக்கப்படவில்லை.

காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் பங்கு கேட்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தை மாதக் கல்யாணம் என்றால், புடவையை ஆடி, ஆவணியிலேயே சொல்லி வையுங்கள். கடைக்காரர் "பத்து நாளில் தறியிலிருந்து இறக்கித் தருகிறேன்" என்று மார்கழியில் சொன்னால், அவசரமில்லை என்று சொல்லுங்கள்.